ஆயப்பட்டு முன்சீப் கோர்ட் லேடீஸ் ஹாஸ்டல்

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு ஆடி மாதம் ஒரு புதன்கிழமை காலை, ஆயப்பட்டு லேடீஸ் ஹாஸ்டலின் ஆளில்லாத கூடத்தில் அன்பரசி என்ற பெயர் மூன்று முறை கூப்பிடப்பட்டது. அன்பரசி அந்த நேரத்தில் கல்பாக்கத்தில் ஓர் ஆய்வகத்தில் வேலையாக இருந்தாள். வந்து ஆஜர் சொல்ல முடியவில்லை. ஆகவே அந்த நிமிஷத்திலிருந்து அவள் யார் கண்ணிலும் படவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் தன் சாப்பாட்டுப் பையைத் தூக்கி அவள் மடியில் வைத்தார்; மரியாதை தெரியாத ஆள் என்று நினைத்துக்கொண்டு அதை எடுத்துக் கீழே வைத்தாள். சாயங்காலம் ஸ்டாஃப் பஸ்ஸில் அவள் உட்கார்ந்திருந்த இடத்தைக் காலி என்று மூன்று பேர் பார்த்தார்கள், மூன்று பேரும் ஏனோ உட்காராமல் நின்றே வந்தார்கள். ஹாஸ்டல் கேட்டில் வாட்ச்மேன் அவள் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினார். அடுத்து வந்தவளின் பின்னாலேயே இருட்டில் உள்ளே நுழைந்தாள். சமையல்காரி சந்திரம்மா அவள் நீட்டிய தட்டைத் தாண்டி அடுத்த தட்டில் சோற்றைப் போட்டாள். எல்லாரும் தூணைச் சுற்றிப் போவதுபோல அவளைச் சுற்றிப் போனார்கள். சுற்றிப் போகிறோம் என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. கோர்ட் பாஷையில் இதற்கு எக்ஸ்பார்ட்டி என்று பெயர். கோர்ட் வாசலை மிதிக்காத பாக்கியசாலிகளுக்காகச் சொல்வதென்றால், மூன்று முறை கூப்பிட்டும் வராத ஆளை இல்லாத ஆளாக வைத்துக்கொண்டு காரியத்தை முடித்துவிடுவது.

ஆயப்பட்டு, கல்பாக்கத்துக்கும் கடப்பாக்கத்துக்கும் நடுவே, கால்வாயின் மேற்குக் கரையில் இருக்கிறது. உப்பும் சவுக்கு விறகும் படகில் போன காலத்தில் வெள்ளைக்காரன் அங்கே ஒரு முன்சீப் கோர்ட்டைக் கட்டினான். சிவப்புச் செங்கல், ஆனை நுழையும் உயரத்துக்கு வளைவுகள், சுற்றிலும் வராந்தா, முற்றத்தில் ஒரு பூவரச மரம். நிலத் தகராறு, வரப்புத் தகராறு, பங்காளித் தகராறு என்று சுற்றுவட்டாரத்துச் சண்டையெல்லாம் நூறு வருஷம் அங்கேதான் வந்து சேர்ந்தன. தொண்ணூற்று மூன்றில் கோர்ட்டைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். மாற்றிய அன்று மத்தியானம் முன்சீப் சாப்பாட்டுக்கு எழுந்து போனார். அந்த நேரம் பார்த்து லாரி வந்து மின்விசிறியையும் பீரோக்களையும் ஏற்றிக்கொண்டது. முன்சீப் சாப்பிட்டுவிட்டு நேராகப் புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டார். பழைய கோர்ட் கலைந்தது என்று யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. ஒரு கோர்ட் கலைய வேண்டுமானால் அதை யாராவது சொல்ல வேண்டும். சொல்லாததால் அது கலையவில்லை. முன்சீப் சாப்பிட்டுவிட்டு வருவார் என்று வௌவால்களோடு காத்துக்கொண்டு இருந்தது.

அப்படி இருந்த கட்டடத்தைத்தான் தாமோதரன் நீண்ட காலக் குத்தகைக்கு எடுத்தார். சிமெண்ட் ஏஜென்சியில் நாலு காசு பார்த்து ஓய்ந்தவர். அவருக்கு ஹெரிடேஜ் என்ற சொல் ஒரு கல்யாணத்தில் யாரோ சொல்லிக் கிடைத்தது. அன்றிலிருந்து அது இல்லாமல் அவரால் தும்மக்கூட முடிவதில்லை. சிறுசேரிக்கும் கல்பாக்கத்துக்கும் வேலைக்குப் போகிற பெண்களுக்குத் தங்குமிடம் கிடைக்காமல் இருந்த காலம். கோர்ட் ஹாலில் வரிசையாகக் கட்டில் போட்டார். ரெக்கார்டு ரூமைக் குளியலறையாக்கினார். சாட்சிக் கூண்டு துணி தேய்க்கும் மேடை ஆயிற்று. அதில் ஏறித் தேய்க்கும் பெண்கள் காரணம் தெரியாமல் உண்மையாகப் பேசினார்கள் என்றும், அதனால் இரண்டு சிநேகிதம் முறிந்தது என்றும் சொல்வார்கள். முன்சீப் உட்கார்ந்த மேடையில் டீவியை வைத்தார். முன்சீப்பின் நாற்காலியை மட்டும் டீவிக்குப் பக்கத்தில் போட்டு, நாலு பக்கமும் சிவப்புக் கயிறு கட்டி, உட்காரக் கூடாது என்று போர்டு மாட்டினார். சுதந்திர தினத்தன்று கயிற்றைத் தாண்டிப் போய் அவர் மட்டும் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்வார். திறப்பு விழாவில் நீதியைப் பற்றி அவர் பேசிய பேச்சு மிக நீளம் என்பதால் அது இங்கே தேவையில்லை. அவர் மனைவி ஞானம்பாள் அந்தப் பேச்சின்போது தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்க்கப் போயிருந்தார்.

கட்டில் போட்ட முதல் வாரமே குரல் கூப்பிட ஆரம்பித்துவிட்டது. தினமும் பத்தரை மணி வாக்கில், கோர்ட் இருக்கும் நாட்களில் மட்டும், மேடைக்கு முன்னாலிருந்து ஒரு வயசான ஆண் குரல், தங்கியிருக்கும் பெண்களில் யாராவது ஒருத்தியின் பெயரை மூன்று முறை கூப்பிடும். அந்த நேரத்தில் பெண்கள் எல்லாரும் வேலைக்குப் போயிருப்பார்கள். கூடத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கும் சந்திரம்மா மட்டும் இருப்பாள். ஓனர் ஏதோ மெஷின் வைத்து அட்டெண்டென்ஸ் எடுக்கிறார் என்று அவள் முடிவு செய்திருந்தாள். “ஹரிப்ரியா, ஹரிப்ரியா, ஹரிப்ரியா” என்று கேட்டால், “அது வேலைக்குப் போயிகீது சார்” என்று தலை நிமிராமல் பதில் சொல்லுவாள். வக்கீல் எழுந்து பதில் சொன்னதாகக் குரல் அதை எடுத்துக்கொள்ளும். ஒரு வருஷம் இப்படியே ஓடியது. அந்தப் புதன்கிழமை மட்டும் கடப்பாக்கத்தில் வஞ்சிரம் மலிவாக வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு சந்திரம்மா மீன் வாங்கப் போயிருந்தாள்.

முதல் இரண்டு நாள் அன்பரசி கூடத்திலேயே கத்திக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டில் ஹரிப்ரியாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள், ஹரிப்ரியா ஏ.சி. இல்லாமலே குளிருகிறது என்று போர்வையை இழுத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் அன்பரசி முற்றத்துக்கு வந்தபோதுதான் அங்கே கூட்டம் இருப்பதைப் பார்த்தாள். பூவரச மரத்தடியில், கிணற்றடியில், சுவரோரத்தில், வெளி கேட் வரைக்கும் ஆட்கள். கோவணத்தோடு சிலர், தலைப்பாகையோடு சிலர், இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி, கட்டுச்சோற்று மூட்டையை இன்னும் அவிழ்க்காத ஒரு கிழவர். மூத்தவர் எண்பது தொண்ணூறு வருஷமாக நிற்கிறார். இளையவர் இந்திரா காந்தி காலத்தில் வந்தவர். எல்லாரும் அந்தக் கோர்ட்டில் எக்ஸ்பார்ட்டி ஆனவர்கள். தினமும் அவர்களுக்கு நடுவில்தான் அவள் நடந்து பஸ்ஸுக்குப் போயிருக்கிறாள். அன்பரசி உட்காரப் பார்த்தாள். உட்கார இடமில்லை, அவ்வளவு கூட்டம்.

அவர்கள் வழக்கில் தோற்ற விதம் எல்லாருக்கும் ஒன்றே. கோர்ட்டில் பெயர் கூப்பிடுகிற சேவகருக்கு டவாலி என்று பேர். சிவப்புப் பட்டையும் பித்தளை வில்லையும் போட்டுக்கொண்டு நிற்பார். ஆயப்பட்டு டவாலி மரியாதை தெரிந்த மனிதர். முன்சீப் துரைக்கு முதுகைக் காட்டக் கூடாது என்பதால், பெயரை வெளியே பார்த்துக் கூப்பிடாமல், மேடையைப் பார்த்துக் குனிந்து, துரையின் காது நோகாத அளவில் கூப்பிடுவார். அவருக்குப் பின்னால் வந்த டவாலிகளும் அதையே முறை என்று பிடித்துக்கொண்டார்கள். வராந்தாவில் நின்ற மிராசுதார்களுக்கு அது கேட்டது. சேரி ஆட்கள் வராந்தா ஏறக் கூடாது என்று வைத்திருந்ததால் அவர்கள் மரத்தடியில் நின்றார்கள், அவர்களுக்குக் கேட்கவில்லை. கேட்காதவன் வராதவன், வராதவன் இல்லாதவன். தீர்ப்பு மளமளவென்று எழுதப்பட்டது. ஆயப்பட்டு கோர்ட்டில் வழக்குகள் தேங்குவதே இல்லை என்று வெள்ளைக்காரன் பாராட்டிக் கடிதம் கொடுத்ததை தாமோதரன் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்.

கூட்டத்தில் இருபத்தெட்டு வயசில் ஒருவன் அன்பரசியிடம் பேச்சுக் கொடுத்தான். அவனுக்குப் பெயர் பொன்னுரங்கம். முக்கால் காணி நிலம், அவன் உழுதது, வேறொருத்தன் பட்டா போட்டுக்கொண்டான். நிலத்தை விடச் சொல்லி அந்த ஆள் போட்ட கேஸுக்கு நாற்பத்தெட்டில் ஆஜராக வந்தவன்.

“வூட்டுல மங்கா கீறா. புள்ள பொறந்து மூணு மாசம் ஆவுது. பேரு வெக்கல. கேஸு முடிஞ்சதும் வெச்சிக்கலாம்னு வந்துட்டேன்” என்றான்.

அன்பரசி அவன் மூக்கைப் பார்த்தாள். அது அவள் அப்பாவின் மூக்கு. மங்கா என்பது அவள் பாட்டியின் பெயர். தாத்தா, பாட்டியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு ரங்கூனுக்கு ஓடிவிட்டார் என்பதுதான் வீட்டில் சொல்லப்பட்ட சங்கதி. அறுபது வருஷம் ஊரே அதை நம்பியது. பாட்டி சாகும்வரை நம்பவில்லை, ஆனால் அவளை யாரும் கேட்கவில்லை.

“நீ யாரு வூட்டுப் பொண்ணு?” என்று பொன்னுரங்கம் கேட்டான். உன் பேத்தி என்று தன்னைவிட மூன்றே வயசு பெரியவனிடம் எப்படிச் சொல்வது என்று அன்பரசிக்குத் தெரியவில்லை. ஆனாலும் சொல்லிவிட்டாள்.  “அப்ப புள்ள பொழச்சிக்கிச்சி” என்று மட்டும் சொன்னான்.

அடுத்த வாரம் திங்கட்கிழமை அவள் அப்பா தேவசகாயம் வந்து சேர்ந்தார். கூடுவாஞ்சேரியில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் தினக்கூலி ஃபிட்டராக இருந்தவர். நாலைந்து நாளாக மகளிடமிருந்து போன் இல்லை. ஆய்வகத்தில் கேட்டால், சொல்லாமல் நின்றுவிட்டாள், வேறு ஆளைப் பார்க்கிறோம் என்றார்கள். அந்தக் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். ஹாஸ்டலில் அவள் கட்டிலை வைஷாலி என்ற புதுப் பெண்ணுக்குக் கொடுத்திருந்தார்கள். அன்பரசியின் சூட்கேஸ் வராந்தாவில் தயாராக இருந்தது.

தாமோதரன் வருத்தமான குரலைப் போட்டுக்கொண்டார். “மிஸ்டர் தேவசகாயம், இது ஹெரிடேஜ் இன்ஸ்டிட்யூஷன். செக்யூரிட்டி பக்கா. இங்கேயிருந்து ஒரு பொண்ணு காணாம போனா, அவளா போனாத்தான் உண்டு. பையன் யாருன்னு விசாரிங்க. சூட்கேஸை எடுத்துக்கிட்டு ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா மேட்டர் க்ளோஸ்.”

“என் பொண்ணு ஓடற ஆளு இல்ல சார்.”

“எல்லா அப்பாவும் இதத்தான் சொல்றாங்க.”

“எங்க நைனாவையும் இப்பிடித்தான் சொன்னாங்க, ஓடிட்டான்னு. எங்கம்மா வாயத் தொறந்தா அடக்கிடுவாங்க.” தேவசகாயம் சூட்கேஸின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அன்பரசி அவர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று அப்பா, அப்பா என்று கத்திக்கொண்டிருந்தாள். அவர் கண் அவளைத் தாண்டிச் சுவரைப் பார்த்தது. அவர் அந்தக் கையெழுத்தைப் போட்டு, பெட்டியோடு கேட்டைத் தாண்டிவிட்டால் தான் ஓடிப்போனவள் ஆகிவிடுவோம், அதை மாற்ற எவராலும் முடியாது என்று அவளுக்குப் புரிந்தது. அவளுக்கும் ஒரு மரத்தடி ஒதுக்கப்படும். அந்த நேரத்தில் பத்தரை ஆயிற்று. கூடத்துக்குள் டவாலி வந்து நின்றார். எக்ஸ்பார்ட்டி ஆனவர்களுக்கு அவர் தெரிவார். கூன் விழுந்து, பட்டை முழங்கால் வரை தொங்க, காலி நாற்காலியைப் பார்த்துக் கைகட்டி நின்றார்.

அன்பரசி முற்றத்துக்கு இறங்கி ஓடினாள். “அவர் கிட்ட யாராவது போய்ச் சொல்லக் கூடாதா?” என்றாள்.

“அவரு நாக்காலி சொன்னாத்தான் கேப்பாரு. நாங்க வராந்தா ஏறக் கூடாது” என்றார் கட்டுச்சோற்றுக் கிழவர்.

“யார் சொன்னது?”

யார் சொன்னது என்று அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சொன்னவன் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. சொன்னவன் செத்தும் அவன் பேரன் செத்தும் ஆகிவிட்டது; ஆனால் அந்த உத்தரவை யாரும் வந்து ரத்து செய்யவில்லை. அன்பரசிக்கு அந்த உத்தரவு வந்து சேரவே இல்லை. தினமும் பல் தேய்த்துக்கொண்டே அந்த வராந்தாவில் நடை போட்டவள் அவள். இரண்டே எட்டில் ஏறி, கட்டில்களுக்கு நடுவே போய், சிவப்புக் கயிற்றைத் தூக்கிக் குனிந்து நுழைந்து, முன்சீப்பின் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பதினாலு வருஷமாகக் கோர்ட் நாட்களில் காலியாகவே இருந்த நாற்காலி நிரம்பியதைப் பார்த்து டவாலி இன்னும் கொஞ்சம் குனிந்தார். சாப்பாடு இவ்வளவு நேரமா என்று அவர் கேட்கவில்லை. அது அவர் வேலையில்லை.

“வராதவங்கன்னு எழுதின பேரையெல்லாம், கடைசிப் பேர்லேருந்து, வெளியே பார்த்துக் கூப்பிடுங்க” என்றாள் அன்பரசி.

 துரைக்கு முதுகு காட்டுவதா என்று டவாலி நாற்காலியையே பார்த்தார். எந்த முன்சீப்பும் அப்படிச் சொன்னதில்லை. ஆனால் நாற்காலி சொல்லிவிட்டது. கைக்குழந்தை முதல்முறை புரள்வதுபோல மெதுவாக, பாதி பாதியாக, அவர் திரும்பினார். வாசலைப் பார்த்தார். வெயிலைப் பார்த்தார். பூவரச மரம் ஒன்று அங்கே இருப்பதே அவருக்கு அப்போதுதான் தெரியும்போல. பிறகு கூப்பிட்டார்.

அன்றைக்கு அந்தக் குரலைக் கேட்ட யாரும் அதை மறக்கவில்லை. கால்வாயில் இருந்த நீர்க்காகங்கள் மொத்தமாக எழுந்தன. ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் போய்க்கொண்டிருந்த சுற்றுலா வேன் ஒன்று பிரேக் போட்டது. சந்திரம்மா பீன்ஸ் கூடையைக் கவிழ்த்துவிட்டு, சாமி, மெஷினுக்குப் பைத்தியம் பிடிச்சிடுச்சு என்று வாசலுக்கு ஓடினாள். அன்பரசி, அன்பரசி, அன்பரசி. மூன்றாவது முறை முடிவதற்குள் அவள் நாற்காலியிலிருந்து, “ஆஜர்” என்றாள். கையெழுத்துக்காகப் பேனாவை நீட்டிக்கொண்டிருந்த தாமோதரனும், அதை வாங்காமல் நின்ற தேவசகாயமும் திரும்பிப் பார்த்தபோது, சிவப்புக் கயிற்றுக்குள், டீவிக்குப் பக்கத்தில், போன புதன்கிழமை போட்ட அதே பச்சைச் சுடிதாரில் அன்பரசி உட்கார்ந்திருந்தாள். தேவசகாயம் அப்படியே சூட்கேஸ்மேல் உட்கார்ந்துவிட்டார்.

தாமோதரனின் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, “அங்க உக்காரக் கூடாதும்மா, போர்டு போட்டிருக்கு பாரு” என்பதுதான்.

சந்திரம்மாதான் முதலில் கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தாள். “அடிப்பாவி, எங்கடி போயிருந்த? உன் பங்கு வஞ்சிரத்த நாந்தான் துன்னேன்.”

“இங்கதான் இருந்தேன்க்கா. நீதான் எனக்குச் சோறு போடல.”

அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. எழுந்தால் மற்றவர்கள் கதி என்ன என்பது அவளுக்குத் தெரியும். டவாலி தொடர்ந்து கூப்பிட்டார், அன்று சாயங்காலம் வரை. ஒவ்வொரு பெயருக்கும் முற்றத்திலிருந்து ஒரு ஆஜர் வந்தது, ஒவ்வொரு ஆஜருக்கும் ஓர் ஆள் கண்ணுக்குத் தெரிந்தார். வெறும் மண் தரையில் கோவணம் கட்டிய கிழவர் திடீரென்று நிற்பதைக் கண்ட வாட்ச்மேன் கேட்டைத் திறந்துகொண்டு ஓடியவர் மறுநாள்தான் வந்தார். ஆயப்பட்டுக் கடைத்தெரு முழுக்கச் சுவரோரம் நின்று பார்த்தது. சிலர் தங்கள் வீட்டுப் பூர்வீக நிலம் எப்படி வந்தது என்று யோசித்துக்கொண்டு சத்தமில்லாமல் வீட்டுக்குப் போனார்கள். பிற்பகல் பொன்னுரங்கத்தின் பெயர் வந்தது. இரண்டாவது கூப்பாட்டிலேயே அவன் ஆஜர் சொன்னான். தேவசகாயம் முழங்கால் வலியோடு ஒவ்வொரு படியாக இறங்கி மரத்தடிக்குப் போனார். இருபத்தெட்டு வயசு அப்பா அறுபது வயசு மகனை மேலும் கீழும் பார்த்தான்.

“இன்னாடா, முடியெல்லாம் நரச்சிப் போச்சு” என்றான்.

“நைனா” என்றார் தேவசகாயம். அந்த வார்த்தையை ஒரு ஆளைப் பார்த்து அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

“பேரு இன்னா வெச்சா உனக்கு?”

“தேவசகாயம். மாதா கோயில் சாமியாரு வெச்சாரு.”

பொன்னுரங்கம் அதை வாய்க்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தான். “நல்லாத்தான் கீது. மங்கா?”

“அம்மா போயி ஒம்போது வருசம் ஆச்சு. நீ ஓடலன்னு சொல்லிகினேதான் இருந்துச்சு.”

 வயசானவர் சிறுசின் தோளில் சாய்ந்துகொண்டார், அவ்வளவுதான்.

இருட்டத் தொடங்கியபோது அத்தனை பேரை எங்கே படுக்கவைப்பது என்ற கேள்வி வந்தது. லேடீஸ் ஹாஸ்டலில் ஆண்களுக்கு அனுமதி கிடையாது என்று தாமோதரன் விதியைப் படித்துக் காட்டினார். ஞானம்பாள் விதியை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, இவர்கள் ஹாஸ்டல் வருவதற்கு முன்பே வந்தவர்கள், நாம்தான் இவர்கள் இடத்தில் தங்கியிருக்கிறோம் என்று சொல்லிவிட்டு, சந்திரம்மாவிடம் உலையில் எவ்வளவு அரிசி போட்டிருக்கிறாள் என்று கேட்டார். பெண்கள் உள்ளே, ஆண்கள் வராந்தாவில் என்று முடிவாயிற்று. வராந்தாவில் காலை வைக்கத் தயங்கியவர்களை ஹரிப்ரியா கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். ஏறியவர்கள் சிலர் தரை வழுவழுப்பாக இருக்கிறது என்று சொல்லித் திரும்பத் திரும்ப நடந்து பார்த்தார்கள். அதிகாரிகள் வந்தார்கள், பார்த்தார்கள், மேலிடத்துக்கு எழுதுகிறோம் என்றார்கள். சொந்தக்காரர்களைத் தேடிப் போனவர்களில் பாதிப் பேர், ஊர் இருந்த இடத்தில் ப்ளாட் இருக்கிறது என்று திரும்பி வந்து கட்டிலைப் பிடித்துக்கொண்டார்கள். ஆய்வகத்தில் அன்பரசியை மறுபடி சேர்த்துக்கொண்டார்கள்; கோர்ட்டில் இருந்தேன் என்று அவள் சொன்ன காரணம் போதுமானதாக இருந்தது.

சிவப்புக் கயிறு துணி காயப்போடப் போயிற்று. வாராந்தர விடுமுறையில் இருப்பவள் யாரோ அவள் அன்றைக்கு நாற்காலியில் உட்காருவது வழக்கமாயிற்று. ஒருவரும் இல்லாவிட்டால் சந்திரம்மா அதில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்குவாள். டவாலி வாசலைப் பார்த்துத்தான் கூப்பிடுகிறார். வேலைக்குப் போன பெண்களுக்கு அது கல்பாக்கம் வரை, காற்று வாகாக இருந்தால் சிறுசேரி வரை கேட்கிறது. கம்ப்யூட்டரிலிருந்து தலை நிமிராமல் ஆஜர் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள். இரண்டாயிரத்து எட்டில் ஒருநாள் தாமோதரன் பெயரே கூப்பிடப்பட்டது. நான் இந்த இடத்துக்கு ஓனர், எனக்கு நீ ஆஜர் கேட்பதா என்று அவர் எதிரில் நின்றே பதில் சொல்ல மறுத்தார். அன்று முதல் அவரைக் காணவில்லை. ஞானம்பாள் வேளாவேளைக்கு ஒரு தட்டில் சோறு வைக்கிறார், தட்டு காலியாகிறது. சுதந்திர தினத்தன்று அவர் பேசுகிறார் என்றுதான் எல்லாரும் நம்புகிறார்கள். பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

பொன்னுரங்கத்தின் முக்கால் காணி இப்போது ஒரு பீச் ரிசார்ட்டின் நீச்சல் குளம். அன்பரசி அவனை ஒருநாள் ஸ்கூட்டியில் கூட்டிப் போய்ச் சுவருக்கு வெளியே நின்று காட்டினாள். அவன் நீலத் தண்ணீரை எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே யாராவது செத்தார்களா, இவ்வளவு பேர் கூடிக் குளிக்கிறார்களே என்று கேட்டான். திரும்பி வந்து புதிதாக மனுப் போட்டான். தேவசகாயம் கூடுவாஞ்சேரிக்கு வந்துவிடச் சொல்லி எவ்வளவோ கூப்பிட்டுப் பார்த்தார். பொன்னுரங்கம் போகவில்லை. ஃபேன் காற்று வருகிற கட்டிலையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வராந்தாவில் வாசலை ஒட்டி, மழைச்சாரல் அடிக்கிற கட்டிலைத்தான் கேட்டு வாங்கினான். கூப்பிட்டால் காதில் விழ வேண்டும் என்றான். அந்தக் கட்டில் இன்றைக்கும் அவனுக்குத்தான்.